நியூயார்க் கவுன்சில் தேர்தல்: மேயர் பெயர் தெரியும், உங்கள் கவுன்சிலர் பெயர் தெரியுமா?

எல்ம்ஹர்ஸ்ட்வாசி:

குடியுரிமை வாங்கிய பிறகு 2025 நவம்பரில்தான் முதல் ஓட்டு. மேயர் விஷயத்தில் குழப்பமில்லை, வீட்டில் மாதக்கணக்கில் அதே சண்டைதான். ஆனால் அதற்குக் கீழே பப்ளிக் அட்வகேட் (மக்கள் குறை கேட்பவர்), கம்ப்ட்ரோலர் (நகரக் கணக்கைப் பார்ப்பவர்), பரோ பிரசிடென்ட் (நகரத்தின் ஐந்து பிரிவுகளில் ஒன்றுக்குத் தலைவர்), கடைசியில் சிட்டி கவுன்சில் என்று வரிசை போகிறது. தாளைத் திருப்பினால் ஆறு கேள்விகள். முதல் கேள்வியே மாநிலத்தின் வடக்கே அடிரோண்டாக் மலையில் இருக்கும் பனி விளையாட்டு வளாகத்தைப் பற்றியது. குயின்ஸில் ஏழாம் நம்பர் ரயிலுக்கு நிற்பவனிடம் இதை ஏன் கேட்கிறார்கள்?

சரி, என் சந்தேகம் கவுன்சில் பற்றி. அவர்களுக்கு நிஜமாகவே அதிகாரம் உண்டா, ரிப்பன் வெட்டுவதோடு சரியா? எனக்குக் கட்சி எதுவும் கிடையாது. பதிவுப் படிவத்திலும் எதையும் குறிக்கவில்லை. அதனால் ஜூன் பிரைமரியில், அதாவது கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், என்னால் ஓட்டுப் போட முடியாது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். உண்மையா?

சும்மாபார்ப்பவன்:

ரிப்பன்தான். ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் இருக்கும் பவுன் தெருவுக்கு 2022இல் 'கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்' என்று கூடுதல் பெயர்ப்பலகை வைத்தார்களே, அந்த மாதிரி வேலைகளுக்குத்தான் கவுன்சில். நான் நியூ ஜெர்சிக்காரன், எனக்கென்ன வந்தது.

பச்சைத்தாள்:

ஜெர்சிக்காரருக்கு ஒரு கும்பிடு. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மொத்தம் 51 பேர். ஒவ்வொரு தொகுதியிலும் சுமார் 1,70,000 ஜனம். 2025இல் நிறைவேறிய நகர பட்ஜெட் சுமார் 11,600 கோடி டாலர். பட்ஜெட் ஜூன் மாதக் கடைசியில் இவர்கள் கை தூக்காமல் நிறைவேறாது. நகரச் சட்டங்கள் இவர்கள் இயற்றுவது. மேயர் வீட்டோ செய்தாலும் 34 பேர் சேர்ந்தால் அதைத் தூக்கிப் போடலாம். இதையெல்லாம்விடப் பெரியது நிலம். உங்கள் தெருமுனையில் இரண்டு மாடிக் கட்டடம் இருக்கும் இடத்தில் இருபது மாடி வரலாமா என்று முடிவு செய்யும் மண்டல மாற்றம் கவுன்சிலுக்குத்தான் வரும். அந்தத் தொகுதி உறுப்பினர் வேண்டாம் என்றால் மற்ற 50 பேரும் வேண்டாம் என்று கை தூக்குவது அங்கே எழுதாத சட்டமாக இருந்து வந்தது. நாளைக்குத் தங்கள் தொகுதியில் ஒன்று வந்தால் இதே மரியாதை தங்களுக்கும் வேண்டுமே.

பிரைமரி பற்றி உங்கள் அலுவலக நண்பர் சொன்னது சரி. நியூயார்க்கில் பிரைமரி மூடிய கதவு. டெமாக்ரட் பிரைமரியில் டெமாக்ரட்டாகப் பதிந்தவர் மட்டும்தான் ஓட்டுப் போடலாம். ஏற்கெனவே பதிந்த வாக்காளர் கட்சியை மாற்றவோ, புதிதாகச் சேரவோ விரும்பினால் பிப்ரவரி 14 கடைசி நாள். காதலர் தினம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போல் கட்சி குறிக்காமல் இருப்பவர்கள் இந்த ஊரில் பத்து லட்சத்துக்கும் மேல்.

எல்ம்ஹர்ஸ்ட்வாசி:

அதனால் என்ன? நவம்பரில் எல்லாரும் போடலாமே. அதுதானே உண்மையான தேர்தல்?

பச்சைத்தாள்:

காகிதத்தில் அப்படித்தான். 2025க்குப் பிறகு 51இல் 46 பேர் டெமாக்ரட், 5 பேர் ரிபப்ளிகன். பெரும்பாலான தொகுதிகளில் ஜூனில் பிரைமரி ஜெயித்தவர் நவம்பரில் படுத்துக்கொண்டே ஜெயிப்பார். உங்கள் எல்ம்ஹர்ஸ்ட், ஜாக்சன் ஹைட்ஸ் சேர்ந்த 25ஆம் தொகுதியையே பாருங்கள். சேகர் கிருஷ்ணன் 2021இல் அங்கிருந்து கவுன்சிலுக்குப் போனார். கவுன்சிலுக்குத் தேர்வான முதல் இந்திய அமெரிக்கர்களில் ஒருவர். அன்றைக்கு அவருக்கு நிஜமான சண்டை ஜூனில்தான்.

நவம்பரில் மேயர் தேர்தல் சேர்ந்து வந்தால் கொஞ்சம் கூட்டம் வரும். 2025 நவம்பரில் 20 லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது, 1969க்குப் பிறகு அவ்வளவு விழவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2023இல், மேயர் பதவி வாக்குச்சீட்டில் இல்லாதபோது சுமார் எட்டில் ஒருவர்தான் வந்தார். பூத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பழையபேப்பர்:

2023இல் ஏன் தேர்தல் என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். கவுன்சில் பதவிக்காலம் நான்கு வருடம். ஆனால் இருபது வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு எல்லைகளை மாற்றி வரைவதற்காக அதை இரண்டு, இரண்டு வருடமாக உடைப்பார்கள். 2001, 2003, 2005. அப்புறம் 2021, 2023, 2025. இனி அடுத்த முழுத் தேர்தல் 2029. ஒருவர் தொடர்ந்து இரண்டு முழுப் பதவிக்காலம்தான் இருக்கலாம். 1993இல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த விதி. 2008இல் அப்போதைய மேயர் புளூம்பெர்க் தனக்கு மூன்றாம் முறை வேண்டும் என்று கவுன்சிலையே 29க்கு 22 என்று மாற்றி ஓட்டுப்போட வைத்தார். உறுப்பினர்களுக்கும் அதே சலுகை கிடைத்ததே, கசக்குமா? 2010இல் மக்கள் மறுபடி இரண்டுக்கே இழுத்து வைத்தார்கள்.

சும்மாபார்ப்பவன்:

> படுத்துக்கொண்டே ஜெயிப்பார்

பிறகு எதற்கு இவ்வளவு பேச்சு? ஒரே கட்சி, ஒரே முடிவு.

ஹார்லெம்டீச்சர்:

ஒரே கட்சிதான், ஒரே முடிவு கிடையாது. ஹார்லெமில் நடந்ததைச் சொல்கிறேன், நான் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கம்.

9ஆம் தொகுதி. 2021 ஜூன் பிரைமரியில் ஏகப்பட்ட பேர் நின்றார்கள். பதவியில் இருந்தவர் பில் பெர்கின்ஸ், பழுத்த அரசியல்வாதி. எதிரே கிறிஸ்டின் ரிச்சர்ட்சன் ஜோர்டன், கவிஞர், சோஷலிஸ்ட். பிரைமரியில் ஒருவருக்கு மட்டுமல்ல, 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படி ஓட்டுப் போடலாம். முதல் விருப்பத்தில் இருவருமே 20 சதவீதத்தைச் சுற்றித்தான். கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி, மறுபடி நீக்கி, மறுபடி மாற்றி, பத்துக்கும் மேல் சுற்று போயிற்று. ஜோர்டன் ஜெயித்தார். வித்தியாசம் நூற்றுச் சொச்சம் ஓட்டு. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு மாடியில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அவ்வளவு பேர் இருப்பார்கள்.

இப்போது அந்த நூறு ஓட்டு என்ன செய்தது என்று பாருங்கள். 145ஆம் தெருவும் லெனாக்ஸ் அவென்யூவும் சேரும் மூலையில் 'ஒன்45' என்று ஒரு திட்டம். கோபுரங்கள், 900க்கும் மேல் வீடுகள், ஒரு சிவில் உரிமை அருங்காட்சியகம். வாடகை ஹார்லெம்காரர்களுக்குக் கட்டாது, குறைந்த வாடகை வீடுகள் இன்னும் நிறைய வேண்டும் என்று ஜோர்டன் எதிர்த்தார். கவுன்சில் அவர் பக்கம்தான் நிற்கும் என்று தெரிந்ததும் 2022 மே கடைசியில் கட்டுமானக்காரர் திட்டத்தை வாபஸ் வாங்கிவிட்டார். 2023 ஜனவரியில் அதே இடத்தில் லாரி நிறுத்துமிடம் திறந்தார். ஆஸ்துமா அதிகமுள்ள ஹார்லெமில், குடியிருப்புக்கு நடுவில், டீசல் லாரிகள்.

ஜோர்டன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தப் பக்கம் வாடகை ஏறி எத்தனையோ குடும்பம் ஊரைவிட்டே போயிருக்கிறது. ஆனால் வீடும் வரவில்லை, லாரி வந்தது. 2023இல் அவர் பிரச்சாரத்தை நடுவில் நிறுத்திக்கொண்டார், பெயர் மட்டும் சீட்டில் இருந்தது. ஜெயித்தது யூசெஃப் சலாம். 1989 சென்ட்ரல் பார்க் வழக்கில் செய்யாத குற்றத்துக்குச் சிறுவயதில் சிறை போய், பிறகு நிரபராதி என்று விடுவிக்கப்பட்ட ஐந்து பேரில் ஒருவர். மாற்றி எழுதிய ஒன்45 திட்டம் 2025இல் கவுன்சிலில் நிறைவேறியது.

பிராங்ஸ்பாலு:

அடடா, எங்கள் பக்கத்துக் கதை இதற்கு நேர்த் தலைகீழ். 13ஆம் தொகுதி, கிழக்கு பிராங்ஸ். புரூக்னர் பொலிவார்டில் 350 வீடு அளவுக்கு ஒரு திட்டம். தனி வீடுகள் நிறைந்த பகுதி, கூட்டத்துக்குக் கூட்டம் கூச்சல். அப்போதைய கவுன்சிலர் மார்ஜரி வெலாஸ்கஸ் முதலில் எதிர்த்தார், பிறகு ஆதரித்தார், 2022இல் நிறைவேறியது. 2023 நவம்பரில் கிறிஸ்டி மார்மொராட்டோ என்ற ரிபப்ளிகன் அவரைத் தோற்கடித்தார். பிராங்ஸிலிருந்து ஒரு ரிபப்ளிகன் கவுன்சிலுக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது.

ஆகவே 'நவம்பர் சும்மா' என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஹார்லெமில் வீட்டைத் தடுத்தவர் போனார், இங்கே வீட்டுக்குச் சரி சொன்னவர் போனார். இதைப் பார்த்த எந்தக் கவுன்சிலருக்குத் தைரியம் வரும்?

இன்னொன்றும் உண்டு. அதே தொகுதியில், ஃபெர்ரி பாயிண்டில், 'பாலிஸ்' என்ற நிறுவனம் கட்ட நினைத்த கேசினோ. அதற்கான நில மசோதாவை மார்மொராட்டோ எதிர்த்தார், 2025 ஜூலையில் கவுன்சிலும் பழைய வழக்கப்படி அவரோடு நின்று நிராகரித்தது. அப்போதைய மேயர் ஆடம்ஸ் அந்த நிராகரிப்பை வீட்டோ செய்தார். எதிர்த்து 34 பேர் திரளவில்லை. கேசினோ தப்பித்தது. நவம்பரில் மார்மொராட்டோ ஷெர்லி ஆல்டெபோலிடம் தோற்றார். எழுதாத சட்டம் எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்று தெரிந்தது.

பச்சைத்தாள்:

அந்த எழுதாத சட்டத்துக்குத்தான் நவம்பரில் தாளின் பின்பக்கம் வேட்டு வைத்தார்கள். எல்ம்ஹர்ஸ்ட்வாசி, நீங்கள் பார்த்த ஆறு கேள்விகளில் 2, 3, 4 மூன்றும் வீடு பற்றியவை, மூன்றும் ஜெயித்தன. நாலாவதுதான் முக்கியம். குறைந்த வாடகை வீட்டுத் திட்டத்தைக் கவுன்சில் நிராகரித்தால் மேயர், கவுன்சில் சபாநாயகர், பரோ பிரசிடென்ட் மூவரும் சேர்ந்த ஒரு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். மூவரில் இருவர் சேர்ந்தால் கவுன்சில் முடிவை மாற்றலாம். கவுன்சில் இந்தக் கேள்விகளைக் கடுமையாக எதிர்த்துப் பிரச்சாரம் செய்தது, எடுபடவில்லை.

ஆறாவது கேள்வி நகரத் தேர்தலை ஜனாதிபதித் தேர்தல் வருடத்துக்கு மாற்றலாமா என்பது. அது தோற்றது. எனக்கு வருத்தம்தான். ஓட்டு எண்ணிக்கை கூடியிருக்கும்.

ஹார்லெம்டீச்சர்:

எனக்குச் சந்தோஷம். டிரம்பா இல்லையா என்ற சத்தத்துக்கு நடுவில் 145ஆம் தெரு லாரியைப் பற்றி யார் பேசுவார்கள்?

ஸ்டேட்டன்தீவான்:

நான் டாம்ப்கின்ஸ்வில் பக்கம். விக்டரி பொலிவார்டில் எங்கட இலங்கைக் கடைகள் இருக்கிற இடம். 51 ஆசனத்தில் எங்கள் தீவுக்கு மூன்றுதான். இரண்டு ரிபப்ளிகன், வடக்குப் பக்கம் டெமாக்ரட்.

விருப்ப வரிசை ஓட்டு பற்றிக் கதைக்கிறீர்கள். இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று போடும் முறை எப்பவோ இருக்கிறது. ஆட்கள் பெரும்பாலும் ஒன்றோடு நிறுத்திவிடுவார்கள், 2024இல் அனுர வென்றபோதுதான் முதல் தடவையாக இரண்டாவது விருப்பத்தை எண்ண வேண்டி வந்தது. இங்கேயும் கனக்கப் பேர் ஒருவருக்கு மட்டும் குறித்துவிட்டு வருகிறார்கள். அவர் நீக்கப்பட்டால் உங்கள் சீட்டும் அதோடு செத்துவிடும். ஐந்து பேர் வரைக்கும் வரிசைப்படுத்தலாம், பிடிக்காதவரை எழுதாமல் விடுவதுதான் அவருக்கு எதிரான ஓட்டு. ஒரே ஆளுக்கு ஐந்து இடத்திலும் வட்டம் நிரப்பினால் ஐந்து மடங்கு பலம் என்று எங்கள் மாமா ஒருவர் இன்றைக்கும் நம்புகிறார்.

பழையபேப்பர்:

இந்த ஊருக்கும் இது புதிதில்லை. 1937இலிருந்து சுமார் பத்து வருடம் நியூயார்க் கவுன்சில் விகிதாசார முறையில், 1, 2, 3 என்று எண் போட்டுத்தான் தேர்வானது. 75,000 ஓட்டுக்கு ஓர் இடம் என்று பரோவாரியாக. கையால் எண்ணியதில் முடிவு வர வாரக்கணக்கானது. டெமாக்ரட் கட்சியை ஆட்டிவைத்த டாமனி ஹால் கும்பல் ஏறக்குறைய முழுதாக வைத்திருந்த சபைக்குள் ரிபப்ளிகன், லேபர் கட்சி, கடைசியில் கம்யூனிஸ்டுகளே வந்து உட்கார்ந்தார்கள். புரூக்ளினிலிருந்து பீட்டர் காக்கியோன், ஹார்லெமிலிருந்து பெஞ்சமின் டேவிஸ். பனிப்போர் தொடங்கியதும் அதையே காரணம் காட்டி 1947இல் அந்த முறையை ஒழித்தார்கள்.

இப்போதிருப்பது 2019இல் நான்கில் மூன்று பங்குக்குக் கிட்டத்தட்டப் பேர் ஆதரித்துக் கொண்டுவந்தது. பிரைமரிக்கும் இடைத்தேர்தலுக்கும் மட்டும். நவம்பருக்குக் கிடையாது. 2021இல் முதல் பெரிய தேர்தலிலேயே தேர்தல் ஆணையம் சோதனைக்கு வைத்திருந்த 1,35,000 சீட்டுகளையும் சேர்த்து எண்ணி வெளியிட்டு, அன்று ராத்திரியே அழித்த கூத்தும் நடந்தது.

சும்மாபார்ப்பவன்:

காசு இருப்பவன் எந்த முறையிலும் ஜெயிப்பான்.

கணக்குப்புலி:

இந்த ஒரு விஷயத்தில் நியூயார்க்கைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. தெரிந்த ஒருவரின் பிரச்சாரக் கணக்கை நான் பார்த்தேன், அதனால் எண்களோடு சொல்கிறேன்.

நகரத்துக்குள் வசிப்பவர் கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் நகரம் எட்டு டாலர் சேர்த்துத் தரும். கவுன்சில் வேட்பாளருக்கு ஒருவரிடமிருந்து 175 டாலர் வரைக்கும் இது செல்லும். பக்கத்து வீட்டுக்காரர் 175 கொடுத்தால் நகரம் 1,400 போடும், மொத்தம் 1,575. பத்து டாலர் கொடுத்தால் அது தொண்ணூறு ஆகிறது. இதற்குத் தகுதி பெற, தொகுதிக்குள்ளேயே 75 பேரிடம் குறைந்தது பத்துப் பத்து டாலராவது வாங்கி, மொத்தம் 5,000 டாலர் சேர்த்திருக்க வேண்டும். அந்த 75 பேர்தான் உயிர் எடுப்பது. நண்பர்கள் எல்லாம் எடிசனில், லாங் ஐலண்டில் இருப்பார்கள். தொகுதிக்குள் ஆள் வேண்டுமே! சலூனில், மளிகைக்கடையில், கோயில் வாசலில் நின்று படிவம் நிரப்பி வாங்கினோம். ரொக்கமாகக் கொடுத்தால் கையெழுத்து, முகவரி, வேலை செய்யும் இடம் எல்லாம் எழுத வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் நகரத்தின் பிரச்சார நிதி வாரியம் திருப்பி அனுப்பும். பதிலுக்கு, வாங்கினால் செலவுக்கு உச்சவரம்பு. 2021 பிரைமரியில் அது 1,90,000 டாலர்.

ஓட்டை இல்லையா என்றால், உண்டு. வேட்பாளரோடு சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொண்டு வெளியாட்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டலாம். கட்டுமான முதலாளிகள் அந்த வழியைத்தான் பிடித்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. கிரீன் கார்டு வைத்திருப்பவர் நன்கொடை தரலாம். எச்-1பியில் இருப்பவர் அமெரிக்கத் தேர்தல் எதற்கும் ஒரு காசும் தரக்கூடாது. கூட்டாட்சிச் சட்டம். ஆர்வத்தில் யாராவது பத்து டாலர் நீட்டினால் கும்பிட்டு மறுத்துவிடுங்கள்.

மிளகுரசம்:

எச்-1பிகாரர்களுக்கே ஓட்டு தருவதாக ஒரு சட்டம் வந்ததே, என்ன ஆயிற்று?

ஸ்டேட்டன்தீவான்:

எங்கட தீவில்தான் அதைப் புதைத்தார்கள். 2021 டிசம்பரில் கவுன்சில் நிறைவேற்றியது. கிரீன் கார்டு அல்லது வேலை செய்ய அனுமதி இருக்கிறவர், நகரத்தில் 30 நாள் வசித்திருந்தால் நகரத் தேர்தல்களில் மட்டும் வாக்களிக்கலாம். எட்டு லட்சம் பேருக்கும் மேல். வழக்கைப் போட்டது ஸ்டேட்டன் ஐலண்ட் நீதிமன்றத்தில், போட்டவர்கள் இங்குள்ள ரிபப்ளிகன் தலைவர்கள். 2022இலேயே செல்லாது என்று தீர்ப்பு. 2025 மார்ச்சில் மாநிலத்தின் உச்ச அமர்வான கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் 6க்கு 1 என்று முடித்து வைத்தது. ஒரு தேர்தலில்கூட யாரும் போடவில்லை.

ஹார்லெம்டீச்சர்:

இதில் ஒரு வேடிக்கை. 2002 வரைக்கும் பள்ளி வட்டாரக் குழுத் தேர்தலில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஓட்டுப் போட்டார்கள். யாரும் வானம் இடிந்ததாகச் சொல்லவில்லை.

மிளகுரசம், குடியுரிமை இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. சில கவுன்சிலர்கள் தங்கள் தொகுதி நிதியில் குறைந்தது பத்து லட்சம் டாலரை மக்கள் ஓட்டுக்கு விடுகிறார்கள். பள்ளிக்குக் குளிர்சாதனமா, பூங்காவுக்குக் கழிப்பறையா என்று. 11 வயது ஆனால் போதும், விசா யாரும் கேட்கமாட்டார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் அவ்வளவு ரோஷமாகச் சண்டை போட்டு ஓட்டுக் கேட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எல்ம்ஹர்ஸ்ட்வாசி:

பச்சைத்தாள், உங்கள் பெயர்க் காரணம் என்ன? கேட்டே ஆக வேண்டும்.

பச்சைத்தாள்:

வேட்பாளர் பெயர் சீட்டில் வர வேண்டுமென்றால் மனு வேண்டும். டெமாக்ரட் மனு பச்சைத் தாளில் அச்சடிப்பார்கள், ரிபப்ளிகனுக்குச் சிவப்பு. பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி சுமார் ஐந்து வாரம் தெருவில் நிற்போம். கவுன்சிலுக்கு 450 கையெழுத்து போதும். ஆனால் 450 வாங்கிக்கொண்டு போனால் தொலைந்தீர்கள். கையெழுத்திட்டவர் அதே கட்சியில் பதிந்திருக்க வேண்டும், தொகுதிக்குள் வசிக்க வேண்டும், அதே பதவிக்கு வேறொருவருக்கு முன்பே கையெழுத்திட்டிருந்தால் நம்முடையது செல்லாது. எதிராளியின் வக்கீல் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடிப்பார். பலர் தேர்தலுக்கு முன்பே அங்கேயே அவுட். அதனால் மும்மடங்கு வாங்குவோம். குளிரில் பேனா மை உறைந்துவிடும், சட்டைப்பைக்குள் வைத்துச் சூடாக்கித்தான் நீட்ட வேண்டும். ரூஸ்வெல்ட் அவென்யூ படிக்கட்டில் நின்றால் பாதிப் பேர் 'கட்சி இல்லை' என்பார்கள், அதாவது நீங்கள்.

எல்ம்ஹர்ஸ்ட்வாசி:

சரி சரி, புரிகிறது. ஆனால் பிடிக்காத கட்சியில் பெயரைப் பதிய மனசு ஒப்பவில்லை. பதியாமல் இருந்தால் 2029 வரைக்கும் வேடிக்கைதானா? அப்புறம் அம்மாவுக்கும் குடியுரிமை வந்துவிட்டது, தமிழ் மட்டும்தான் படிப்பார். அதற்கு வழி உண்டா?

ஸ்டேட்டன்தீவான்:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். யாராவது கவுன்சிலர் நடுவில் விலகினாலோ இறந்தாலோ இடைத்தேர்தல் வரும். அதில் கட்சி கிடையாது. ஒவ்வொரு வேட்பாளரும் தன் வரிசைக்குத் தானே ஒரு பெயர் சூட்டிக்கொண்டு நிற்பார், தொகுதியில் பதிந்த யாரும் வாக்களிக்கலாம். எங்கள் தெற்குப் பக்கம் ஜோ பொரெல்லி விலகியபோது 2025 ஏப்ரலில் இப்படித்தான் ஃபிராங்க் மொரானோ வந்தார். வரிசைப்படுத்துவது அதிலும் உண்டு.

பச்சைத்தாள்:

அம்மாவுக்கு: குயின்ஸில் சீட்டு ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம், கொரியன், வங்காளம் ஆகியவற்றில் வரும். தமிழ் இல்லை. ஆனால் படிக்க உதவி தேவைப்படுபவர், தான் நம்பும் ஒருவரைக் கூடவே மறைப்புக்குள் அழைத்துப் போகலாம் என்பது கூட்டாட்சிச் சட்டம். முதலாளியும் யூனியன் ஆளும் மட்டும் கூடாது. மகன் போகலாம். வாசலில் இருக்கும் ஊழியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு சின்ன உறுதிமொழி கேட்பார்கள், அவ்வளவுதான். முன்கூட்டியே ஓட்டுப்போடும் ஒன்பது நாளில் ஒரு வார நாள் காலையில் கூட்டிப்போங்கள், வரிசை இருக்காது. ஆனால் அந்த இடமும் தேர்தல் நாள் பூத்தும் பல நேரம் வேறு வேறாக இருக்கும், முகவரியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சும்மாபார்ப்பவன்:

ஜெர்சியில் இதற்கெல்லாம் என்ன விதி என்று யாருக்காவது தெரியுமா? சும்மாதான் கேட்கிறேன்.

கணக்குப்புலி:

புது இழை தொடங்குங்கள் ஐயா. இதில் நியூயார்க் மட்டும்.